ரொட்டிக்கு முளைகட்டிய கோதுமை நொய்

வீட்டில் ரொட்டி (பிரெட்) சுடுபவர்கள் மாவில் மால்ட் செய்த, அதாவது முளைகட்டி உலர்த்தி வறுத்த, கோதுமை அவல் சேர்ப்பதுண்டு. ஆந்திராவிலுள்ள எங்கள் குப்பம் ஊர்க் கடைத்தெருவில் அதைக் கேட்டால் சாதா அவலைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். சரி, குழந்தைக் கஞ்சிக்குக் கேழ்வரகை முளைகட்டத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா?

கோதுமையை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் சுக்காக உலர்த்தி, சிறு தீயில் பிஸ்கட் வாசம் வரும்வரை வறுத்து, மிக்சியில் நொய்யாக உடைத்தால் போதும்.

வறுப்பதில் மட்டும் சோம்பல் கூடாது. ஒருமுறை வறுக்காமலே கைநிறையப் போட்டேன். மேலே நன்றாகச் சிவந்த ரொட்டி உள்ளே களி மாதிரி கத்தியில் ஒட்டியது. “சங்கடியையா சுட்டே?” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சங்கடி என்றால் இங்கே கேழ்வரகுக் களி. முளைத்த தானியத்தில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். நன்றாக வறுத்தால் அதன் வேகம் அடங்கி, மணம் மட்டும் நிற்கும்.

அளவு: 500 கிராம் மாவுக்கு 50 கிராம் நொய். அதை 75 மில்லி வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, ஆறியபின் பிசையுங்கள். சுடச்சுடக் கொட்டினால் ஈஸ்ட் செத்துவிடும்; ஊறாமல் போட்டாலோ மாவின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பல்லில் கடிபடும். அப்புறம், மேல்பக்கம் சீக்கிரம் கருகப் பார்த்தால் கடைசிப் பத்து நிமிடம் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள்.