பணம் போச்சு, டொமைன் புதுப்பிக்கப்படவில்லையா?

மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் என் மச்சான், கடையின் டாட் காம் முகவரியைப் புதுப்பிக்க யுபிஐயில் பணம் கட்டினார். வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனத்தின் பக்கத்திலோ 'பேமென்ட் ஃபெயில்டு' என்று நிற்கிறது.

இப்படி ஆனால் முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். நாள் இருந்தால் பொறுக்கலாம். நாளை முடிகிறது என்றால் யோசிக்காமல் மறுபடி கட்டிவிடுங்கள். பணம் திரும்பி வரும், டொமைன் பெயர் போனால் லேசில் வராது. டாட் காமுக்கு, காலாவதியான பெயரை நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டுதான், ஆனால் அதற்கான கட்டணம் கையைக் கடிக்கும்.

அப்புறம் யுபிஐ செயலியில் 12 இலக்க யுடிஆர் எண் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்) தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆர்டர் எண்ணோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் கத்துவதால் பயனில்லை, எழுத்தில் இருக்க வேண்டும். வங்கியிலும் புகார் பதியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, கட்டியதற்கான உறுதி விற்பவருக்குப் போய்ச் சேராத யுபிஐ பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இணையத்திலேயே முறையிடலாம். நாகர்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

கார்டில் கட்டியவர்கள் எடுத்த எடுப்பில் சார்ஜ்பேக் (பணத்தைத் திருப்பச் சொல்லி கார்டு வங்கியிடம் கேட்பது) போடாதீர்கள். சில நிறுவனங்கள் அதைக் கண்டதும் கணக்கையே முடக்கும், பெயரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

மச்சானுக்கு நான்காம் நாள் பணம் வந்தது.