கேம்போய்க்குப் புதுக் கோது: வீட்டிலேயே மாற்றுவது எப்படி

2003இல் கனடாவிலிருந்து வந்த பெரியம்மா அக்காவுக்கென்று கேம்போய் கலர் என்கிற, கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சண்டையால் மூடியிருந்த ஏ9 வீதி திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பென்டோர்ச் பற்றரி வன்னிக்குள் வரவே தடை, ரேடியோவைக்கூட சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் கேட்டோம், ஆகவே இரண்டு பற்றரியைப் போட்டதும் பாட்டும் படமுமாக ஓடுகிற அந்தச் சின்னப் பெட்டி எங்கள் விறாந்தையில் எவ்வளவு பெரிய சாமானாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு அக்கா படிக்க வவுனியாவுக்குப் போனபோது அதையும் கொண்டு போனார். வீட்டில் விட்டுப் போயிருந்தால் 2009இல் மற்றச் சாமான்களோடு அதுவும் போயிருக்கும்.

இப்போது அது அக்காவின் மகனிடம் இருக்கிறது. ஒரு மூலை உடைந்து, பற்றரி மூடி தொலைந்து, ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டி, முன் கண்ணாடி முழுக்கக் கீறல். "மாமா, இதை எறிஞ்சுபோட்டு போனிலயே விளையாடலாம்தானே" என்று கேட்டான். உள்ளே இருக்கிற மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை, கெட்டுப்போனது கோது மட்டும்தான். போன் கடையில் ஹவுசிங் மாற்றுகிறார்களே, அதே வேலைதான் இதுவும். இருவரும் உட்கார்ந்து செய்து முடித்தோம், எப்படிச் செய்தோம் என்பதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கோதையும் முன் கண்ணாடியையும் மட்டும் மாற்றுங்கள். புதுக் கோதோடு பொத்தான்கள், பொத்தானுக்கு அடியில் வரும் ரப்பர், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்தே அனுப்புவார்கள், எல்லாம் புதிதுதானே என்று அத்தனையையும் மாற்றத் தோன்றும். வேண்டாம். கேம்போயைச் செய்த நின்டெண்டோ கம்பனி போட்ட அந்த ரப்பர் கிழியாமல் இருந்தால் அதற்கு ஈடு இல்லை, புதிதாக வருவது பெரும்பாலும் விறைப்பாக இருக்கும், அழுத்தினால் விரலுக்கு அந்தப் பழைய மெதுமை தெரியாது. பொத்தான்களும் அப்படித்தான், நிறம் பொருந்தினால் பழையதையே போடுங்கள்.

கோதை இணையத்தில் வாங்கும்போது உங்கள் திரை பழைய திரையா என்பதை மனதில் வைத்து வாங்குங்கள். இப்போது உள்ளே வெளிச்சம் உள்ள புதுத் திரைகள் தனியாக விற்கிறார்கள், அதற்கென்று வெட்டிய கோதுகளும் வருகின்றன, அவற்றில் திரை தெரிகிற சன்னலின் அளவும் உட்பக்கமும் வேறு. நான் முதல் முறை படத்தை மட்டும் பார்த்து வாங்கி, ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து, வந்த பிறகுதான் அது புதுத் திரைக்கான கோது என்று தெரிந்தது. விற்பவரின் விவரத்தில் பழைய திரைக்குப் பொருந்தும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

சாமான்கள் அதிகம் தேவையில்லை. முக்கியமானது ஸ்க்ரூட்ரைவர். பின்பக்கத்து ஸ்க்ரூக்களின் தலையில் மூன்று கோடுதான் இருக்கும், சாதாரண நட்சத்திர முனை அதற்குள் பிடிக்காது. போன் கடையில் ஐபோனுக்கு வைத்திருக்கும் மூன்று முனைக் குச்சி மிகச் சிறியது, அதுவும் பொருந்தாது, கேம்போய்க்கென்று விற்கும் பெரிய முனையை வாங்குங்கள். பேனைக் குழாயைச் சூடாக்கி ஸ்க்ரூத் தலையில் அமர்த்தி முனை செய்கிற ஒரு வழியும் இருக்கிறது, ஆனால் அந்த முனை சுழன்று தலையை வழுக்கிவிட்டால் அப்புறம் துளைதான் போட வேண்டும், சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க அந்த வம்பு தேவையில்லை. உள்ளே இருப்பதற்குச் சாதாரண சின்ன நட்சத்திர முனை போதும். பாமசியில் ஒரு போத்தல் சேர்ஜிக்கல் ஸ்பிரிட், காது குடைகிற பஞ்சுக் குச்சி, பழைய பல் பிரஷ், மெல்லிய இரட்டைப் பக்க ஒட்டு நாடா, கொஞ்சம் தங்கூசி. ஆம், மீன்பிடிக்கிற தங்கூசி நூல்தான். முல்லைத்தீவுப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் ஒரு முழம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பயன் பிறகு சொல்கிறேன்.

நேரமும் இடமும் முக்கியம், இதை லேசாக எடுக்காதீர்கள். வைகாசி, ஆனி மாதத்துச் சோளகக் காற்றில் கிரவல் வீதிப் புழுதி வீட்டுக்குள் எப்படி வந்து படியும் என்று வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் புழுதியில் ஒரு துணிக்கை திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் உட்கார்ந்தால், விளையாடும் ஒவ்வொரு முறையும் அதுதான் கண்ணில் படும். நாங்கள் மழை விட்ட ஒரு பின்னேரம் பார்த்துத் தொடங்கினோம். மழை இல்லாத காலமென்றால் முற்றத்துக்கும் விறாந்தைக்கும் தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் விட்டு, ஃபானை நிறுத்திவிட்டு உட்காருங்கள். மேசையில் வெளிர் நிறத் துவாயை விரியுங்கள், விழுகிற ஸ்க்ரூ உருண்டு ஓடாது, கண்ணிலும் படும்.

சரி, இனி கழற்றலாம். செருகியிருக்கும் கேமையும் பற்றரியையும் எடுத்துவிடுங்கள். பின்பக்கத்தில் வெளியே நான்கு, பற்றரி அறைக்குள் இரண்டு, மொத்தம் ஆறு ஸ்க்ரூ. முனையை நேராக வைத்து, நன்றாக அமுக்கிக்கொண்டு திருப்புங்கள். கழற்றிய ஸ்க்ரூவை, எந்த இடத்தில் இருந்ததோ அதே ஒழுங்கில் ஒரு தாளில் படம் கீறி அதன்மேல் வையுங்கள். மருமகனுக்குக் கொடுத்த முதல் வேலை அதுதான், அவன் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் வட்டம் போட்டு நம்பர் எழுதி வைத்தான், கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

பின்கோது கையோடு வந்துவிடும். அதில் ஏதாவது உலோகத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் புதுக் கோதில் அதே இடத்துக்கு மாற்றுங்கள். மேல் விளிம்பில் கறுப்புக் கண்ணாடி போல ஒரு சின்னத் துண்டு இருக்கும், இரண்டு கேம்போய்கள் வயர் இல்லாமல் பேசுகிற இன்ஃப்ரா ரெட் சன்னல் அது, தானாகக் கழன்று விழும், துவாயின் மடிப்புக்குள் போய்விடாமல் எடுத்து வையுங்கள். பவர் சுவிச்சின் பிளாஸ்டிக் மூடியும் அப்படியே.

பற்றரி கசிந்த மெஷினாக இருந்தால் இந்த இடத்தில் தெரியும், தகட்டில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். ஆல்கலைன் பற்றரியிலிருந்து கசிவது காரம், அதை வெட்டப் புளிப்பு வேண்டும். பஞ்சுக் குச்சியில் தேசிக்காய்ச் சாறு அல்லது வினாகிரி தொட்டு அந்தப் பூப்பின் மேல் மட்டும் வையுங்கள், லேசாக நுரைக்கும், நுரை நின்றதும் துடைத்து எடுத்து, தண்ணீர் தொட்ட குச்சியால் ஒருமுறையும் ஸ்பிரிட் தொட்ட குச்சியால் இரண்டு முறையும் துடையுங்கள். தேசிக்காய்ப் புளியை அப்படியே விட்டுவிட்டால் அதுவும் தகட்டை அரிக்கும்.

அடுத்தது போர்ட், அதாவது உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகை. என்னுடையதில் மூன்று சின்ன ஸ்க்ரூ அதைப் பிடித்திருந்தன. அவற்றைக் கழற்றியதும் போர்ட்டைத் தூக்கிவிடாதீர்கள்! திரையிலிருந்து வரும் பட்டையான கேபிள் போர்ட்டில் செருகியிருக்கிறது. அந்தச் சொக்கெட்டின் இரண்டு பக்கமும் சின்னப் பூட்டு இருக்கும், இரண்டையும் நகத்தால் மாறி மாறி, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் வெளியே நகர்த்துங்கள். பூட்டு திறந்துவிட்டால் கேபிள் ஒரு பலமும் இல்லாமல் வரும். வரவில்லையென்றால் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம், இழுக்காதீர்கள். ஸ்பீக்கரும் இரண்டு மெல்லிய வயரால் போர்ட்டோடு ஒட்டியே வரும், அதை அதன் குழியிலிருந்து மெல்ல எழுப்பி, போர்ட்டோடு சேர்த்து எடுத்து வையுங்கள். வயர் அறுந்தால் ஈயம் பிடிக்க வேண்டிவரும்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். திரை முன்கோதில் பசையால் ஒட்டியிருக்கிறது, அது கண்ணாடி, இருபது வருடத்துக்கு மேலான பசையும் சில இடத்தில் கல்லாகியிருக்கும். கத்தியோ ஸ்க்ரூட்ரைவரோ விட்டுக் கிளப்பப் போனால் திரை வெடிக்கும், அப்புறம் கோது மாற்றியும் பயனில்லை. தலைமுடி காயவைக்கிற மெஷின் இருந்தால் கோதின் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சூடு காட்டுங்கள், கை பொறுக்கிற சூடு போதும். வெயிலில் திரையை நேராக வைக்காதீர்கள், எங்கள் மத்தியான வெயிலுக்கு அது தாங்காது. பிறகு தங்கூசியை எடுத்து, திரையின் ஒரு மூலைக்கும் கோதுக்கும் நடுவில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து வாள் அறுப்பது போல இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டே போங்கள். பசை நூலுக்கு நூலாக அறும். கேபிள் இருக்கிற விளிம்புப் பக்கம் மட்டும் போகாதீர்கள், கேபிள் கண்ணாடியோடு சேர்கிற இடம் மடிந்தாலோ கிழிந்தாலோ திரையில் கோடு விழும், அதைத் திருத்த நமக்கு வழியில்லை. மற்றப் பக்கங்கள் விட்டதும் அந்தப் பக்கம் தானாக இளகும். நாங்கள் இதற்கு மட்டும் அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தோம், இடையில் தேத்தண்ணி குடித்தோம், அவசரம் வந்தால் நீங்களும் எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

திரையின் முகத்தில் ஒட்டியிருக்கும் பசைத் துணுக்குகளை விரலால் உருட்டி எடுங்கள். திரையில் ஸ்பிரிட்டை ஊற்றக் கூடாது. பொத்தான்களையும் ரப்பரையும் சவர்க்காரத் தண்ணீரில் பல் பிரஷால் தேய்த்துக் கழுவி நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ரப்பரின் கறுப்புப் புள்ளிகளைத் தேய்க்காதீர்கள், போர்ட்டைத் தொட்டு மின்சாரத்தைச் சேர்ப்பது அந்தப் புள்ளிகள்தான். போர்ட்டில் பொத்தான் படுகிற இடங்களை ஸ்பிரிட்டால் துடையுங்கள், குச்சி எவ்வளவு கறுப்பாக வரும் என்று பாருங்கள்.

பூட்டும்போது புதுக் கோதில் முதலில் பொத்தான்களை வெறுமனே போட்டு அழுத்திப் பாருங்கள். புதுப் பிளாஸ்டிக்கின் துளை விளிம்பில் பிசிர் இருந்தால் பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், நகம் அராவும் அரத்தால் இரண்டு தேய் தேய்த்தால் சரி. பிறகு திரையின் கரைகளில் மட்டும் ஒட்டு நாடா போட்டு உள்பக்கத்திலிருந்து சன்னலுக்கு நேராக ஒட்டுங்கள். வெளிக் கண்ணாடியை இப்போது ஒட்டாதீர்கள், அதைக் கடைசிக்கு வையுங்கள். திரைக்கு வெளிப்பக்கமாகத்தான் அது வருகிறது, ஆகவே எல்லாம் பூட்டி, படம் சரியா என்று பார்த்து, தூசியையும் துடைத்த பிறகு ஒட்டினால் போதும்.

பொத்தான், ரப்பர், ஸ்பீக்கர், போர்ட் என்று வரிசையாக வையுங்கள். கேபிளைச் சொக்கெட்டில் சரிவில்லாமல் நேராகச் செருகி இரண்டு பூட்டையும் ஒன்றாக அமர்த்துங்கள். இன்ஃப்ரா ரெட் சன்னலை அதன் பள்ளத்தில் இருத்துங்கள், பவர் மூடி சுவிச்சின் சின்னக் கொம்பில் சரியாகக் கவ்வியிருக்கிறதா பாருங்கள். பின்கோதை மூடி இரண்டு ஸ்க்ரூ மட்டும் போட்டு, பற்றரி போட்டு ஓன் செய்யுங்கள். கேம் போடாவிட்டாலும் கேம்போய் என்ற பெயர் வண்ணமாக வரும். கோடு விழுந்தாலோ ஒன்றும் வராவிட்டாலோ பயப்படாதீர்கள், பெரும்பாலும் கேபிள் சரிவாகப் போயிருக்கும், திறந்து மறுபடி செருகுங்கள். எங்களுக்கும் முதல் முறை ஒன்றும் வரவில்லை. மருமகனின் முகம் அப்படியே விழுந்துவிட்டது, இரண்டாம் முறை செருகியதும் படம் வந்தது.

ஸ்க்ரூ போடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. துளைக்குள் வைத்ததும் முதலில் இடப்பக்கமாக, கழற்றுவது போல மெல்லச் சுழற்றுங்கள், ஓரிடத்தில் 'டிக்' என்று இறங்கும், அதிலிருந்து வலப்பக்கம் முறுக்குங்கள். அப்படிச் செய்தால் ஸ்க்ரூ ஏற்கெனவே உள்ள மரையிலேயே போகும். புதுக் கோதில் சில துளைக்கு மரையே இருக்காது, அப்படியானால் அரைச் சுற்று முறுக்கி, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி முறுக்கி மரையை உண்டாக்குங்கள். விரலுக்கு இறுக்கம் தெரிந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் ஸ்க்ரூ இறங்குகிற பிளாஸ்டிக் தூண் பிளந்துவிடும்.

கடைசியாகக் கண்ணாடி. திரையைச் சுத்தமான மெல்லிய துணியால் துடைத்து, சரித்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், தூசித் துணிக்கை இருந்தால் ஒட்டு நாடாவின் பசைப் பக்கத்தால் தொட்டு எடுங்கள். கண்ணாடியின் பாதுகாப்புத் தாளை உரித்த கையோடு ஒட்டிவிடுங்கள். இந்த மெஷினின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, வெளியே இருந்து விழுகிற வெளிச்சத்தில்தான் படம் தெரியும், ஆகவே கீறல் இல்லாத ஒரு கண்ணாடி போட்டதும் வித்தியாசம் நிறையத் தெரியும். அக்கா அந்தக் காலத்தில் மத்தியானம் விறாந்தைக் கரையில் தூணோடு சாய்ந்துகொண்டு விளையாடுவார், வீட்டில் கரண்ட் இல்லை, இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. மருமகனும் இப்போது அதே இடத்தில்தான் போய் உட்காருகிறான்.

பழைய கோதை எறிய வேண்டாம், பின்பக்கத்து இலக்க ஸ்டிக்கர் அதில்தான் இருக்கிறது, பேணி ஒன்றுக்குள் போட்டு வையுங்கள். மாரி தொடங்கி நாட்கணக்கில் தொடாமல் இருக்கப்போகிறது என்றால் பற்றரி இரண்டையும் கழற்றிவிட்டு வையுங்கள்.