சிட் அவுட்டுக்குக் கூரையா? முதலில் டேப்பை எடுங்கள்

வீட்டு வாசலில் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் சும்மா கிடக்கிறது, மேலே ஒரு கூரை போட்டால் சாயங்காலம் உட்காரலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது "என்ன ஷீட் போடலாம்?" என்றுதான். அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்காகக் கூரைக்குக் கொடுக்கும் சரிவு, ஏனென்றால் எந்தப் பொருள் போடலாம் என்பதை உங்கள் வீட்டுச் சுவரின் உயரமே பாதி முடிவு செய்துவிடும்.

டேப்பை எடுத்துச் சுவரில் அளந்து பாருங்கள். மாடித் தளத்துக்குக் கீழே கூரையின் மேல் முனை ஒன்பதரை அடியில் உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ் முனை ஏழரை அடிக்குக் குறைந்தால் நுழையும்போதே அடைத்துக்கொண்டது போல இருக்கும், காற்றும் வராது. ஆக இறக்கத்துக்குக் கிடைப்பது இரண்டடிதான். தகர ஷீட்டுக்குப் பத்தடிக்கு ஒரு அடி வாட்டம் இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். மங்களூர் ஓட்டுக்கு அது போதாது, இரண்டடிக்கு ஒரு அடியாவது இறங்க வேண்டும், இல்லையென்றால் காற்றோடு அடிக்கும் மழை ஓட்டின் இடுக்கில் ஏறி உள்ளே சொட்டும். பத்தடிக்கு ஐந்தடி இறக்கினால் கீழ் முனை நாலரை அடிக்கு வந்துவிடும், குனிந்துதான் போக வேண்டும்.

ஓடுதான் வேண்டும் என்று ஆசை இருந்தால் ஒரே பக்கம் சரியும் ஒற்றைச் சார்ப்பை விட்டுவிட்டு, நடு உச்சியான முகடு தெருவைப் பார்த்து நீளும்படி இரட்டைச் சாய்வாகப் போடுங்கள். பன்னிரண்டு அடி அகலம் இரு பக்கமும் ஆறாறு அடியாகப் பிரியும், முகடு மூன்றடி உயர்ந்தால் போதும், ஆனால் ஏழரையோடு மூன்று சேர்ந்து முகடு பத்தரை அடிக்குப் போகும், அது முட்டும் இடத்தில் மாடிச் சுவரில் ஜன்னல் இல்லாமல் இருக்க வேண்டும். கனத்தையும் மறக்காதீர்கள். ஒரு ஓடு இரண்டு, இரண்டரைக் கிலோ, ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு பிடிக்கும், மொத்தத்தில் ஏறக்குறைய நானூறு கிலோ வரும். ஷீட்டுக்கென்று போட்ட மெல்லிய பைப் அதைத் தாங்காது. ஆனால் ஓட்டின் கீழ் மதியத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் பிடிக்காது, எனக்கும் அப்படித்தான்.

வாட்டம் குறைவு, தகரம்தான் வழி என்றால் கலர் கோட்டிங் ஷீட்டில் 0.47 அல்லது 0.50 மில்லிமீட்டர் கனம் கேட்டு வாங்குங்கள், வெளிர் நிறமாக. கரும்பச்சையும் செங்கல் நிறமும் பார்க்க அழகுதான், ஆனால் சித்திரை வெயிலில் அடியில் நிற்க முடியாது. கையில் காசு இருந்தால் நடுவில் ஃபோம் வைத்த பஃப் பேனல் போடலாம், வெயிலும் மழைச் சத்தமும் நன்றாகவே குறையும். ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் வேண்டாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அறுக்கும்போது பறக்கும் தூசு நம் மூச்சில்தான் போகும்.

வெளிச்சம் வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பின்பக்கம் பாலிகார்பனேட் என்ற வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் ஷீட் போட்டோம். மூன்றாவது வருஷமே மஞ்சளாகி, விரலால் அழுத்தினால் நொறுங்கியது. கழற்றிய பிறகுதான் தெரிந்தது, வெயில் தாங்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மேல் பக்கம் எது என்று அந்த ஷீட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளிலேயே அச்சடித்திருக்கும், அதை உரிப்பதற்கு முன் நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்க்ரூ ஓட்டையும் ஸ்க்ரூவை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், பத்தடி ஷீட் வெயிலில் சில மில்லிமீட்டர் நீளும், இறுக்கிப் பூட்டினால் ஓட்டையிலிருந்தே விரிசல் விடும்.

அப்புறம் காற்று. பக்கங்கள் திறந்த கூரையைக் காற்று கீழேயிருந்து மேலே தூக்கும். நம் கட்டடத் தர விதிப்படி சென்னைக்குக் கணக்கிட வேண்டிய காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், கோயம்புத்தூருக்கு 39. கடலோரத்தில் இருப்பவர்கள் கூரையைத் தாங்கும் பைப்பைத் தரை டைல்ஸ் மேல் தகடு வைத்து நாலு போல்ட் அடித்து நிறுத்துவதற்குச் சம்மதிக்காதீர்கள், அந்தப் பைப்பைக் குழி தோண்டி கான்கிரீட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். ஷீட்டின் நெளிவில் ஸ்க்ரூ மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்டதாகிவிடும்.

சுவரும் கூரையும் சேரும் இடத்தில் வெறும் சிலிகான் தடவிவிட்டுப் போவார்கள், அது சீக்கிரமே விட்டுவிடும். சுவரில் ஒரு அங்குலம் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, மடித்த தகரத்தை அதில் செருகிப் பூசச் சொல்லுங்கள். கீழ் முனையில் மழைநீர் வாய்க்காலும் அன்றைக்கே மாட்டிவிட வேண்டும். 50 மில்லிமீட்டர் மழைக்கு இந்தச் சின்னக் கூரையிலிருந்து ஏறக்குறைய 550 லிட்டர் இறங்கும், அதைக் குழாய் வைத்துக் கிணற்றடிக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ திருப்பிவிடலாம்.