ஸ்டார் பெஞ்சில், கத்துக்குட்டி களத்தில்: ஓஓடிபி பேஸ்பாலில் கம்ப்யூட்டர் போடும் லைன்அப்பைச் சரிசெய்வது எப்படி

அணியிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். .215 அடிக்கும் (ஆயிரம் முயற்சிக்கு 215 ஹிட்) செகண்ட் பேஸ்மேன் லீட்ஆஃபில், அதாவது முதல் பேட்டராக வருகிறார். சென்டர் ஃபீல்டில் நிற்பவர் அந்தப் பக்கம் அதிகம் போனதே இல்லை. பேஸ்பால் அணியை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டான 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' (சுருக்கமாக ஓஓடிபி) ஆடுகிற எல்லோரும் ஒருநாள் இந்தக் கூத்தைப் பார்த்திருப்பார்கள். உடனே லைன்அப்பை (களமிறங்கும் ஆட்களையும் பேட்டிங் வரிசையையும்) கையால் மாற்றிவிட்டு அடுத்த மாதத்துக்கு சிமுலேட் செய்வதுதான், அதாவது ஆட்டங்களைத் தானாக ஓட விடுவதுதான் வழக்கம். இரண்டு நாளில் பழைய கதை திரும்பிவிடும். கம்ப்யூட்டர் எதைப் பார்த்து அப்படி முடிவெடுத்தது என்று கண்டுபிடித்து அந்த இடத்தில் கை வைத்தால்தான் பிரச்சினை தீரும்.

முதலில் சிமுலேஷனை நிறுத்துங்கள். விநோதமான லைன்அப் இறங்கிய ஒரே ஒரு ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரை (ஆட்ட விவரப் பட்டியலை) திறங்கள். அதில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எதிரணி ஸ்டார்ட்டிங் பிட்சர் (ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர்) எந்தக் கை, அந்த ஆட்டத்தில் டிஹெச் (பிட்சருக்குப் பதிலாக பேட் மட்டும் செய்பவர்) உண்டா, உட்கார வைக்கப்பட்ட வீரரின் களைப்பும் காயமும் அன்றைக்கு எப்படி. ஒரு மாதத்தை மொத்தமாக ஓட்டிவிட்டு சீசன் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் இந்த மூன்றும் கலந்துபோய்விடும், ஒன்றும் பிடிபடாது. இனி ஒரு வாரமாவது ஒவ்வொரு நாளாக நகர்த்துங்கள்.

எத்தனை லைன்அப் போட்டீர்கள்?

ஓஓடிபியில் ஒரு அணிக்கு லைன்அப் ஒன்று அல்ல, நான்கு. வலக்கை பிட்சருக்கு எதிராக, இடக்கை பிட்சருக்கு எதிராக, இரண்டுக்கும் டிஹெச் உள்ளது, இல்லாதது. பலர் வலக்கை, டிஹெச் உள்ள பக்கத்தை மட்டும் அழகாக அடுக்கிவிட்டு மற்ற மூன்றையும் தொடாமல் விட்டுவிடுவார்கள். அந்த மூன்றையும் கம்ப்யூட்டர்தான் நிரப்பும்.

அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பாலான மேஜர் லீகை இப்போதைய வடிவில் வைத்து ஆடினால் டிஹெச் தொல்லை இல்லை; 2022 முதல் அதன் அமெரிக்கன், நேஷனல் ஆகிய இரண்டு லீகிலும் டிஹெச் உண்டு. பழைய காலத்துக்குப் போனால்தான் வம்பு. அமெரிக்கன் லீகில் 1973-லேயே டிஹெச் வந்துவிட்டது, நேஷனல் லீகில் பிட்சரே பேட் செய்தார். 1997-ல் இரண்டு லீக் அணிகளும் சீசனில் மோதும் இன்டர்லீக் ஆட்டங்கள் தொடங்கியதும், சொந்த மைதானம் யாருடையதோ அவர்கள் விதி என்றானது. ஆக 1997-க்குப் பிந்தைய ஒரு சீசனில் உங்கள் அமெரிக்கன் லீக் அணி நேஷனல் லீக் மைதானத்துக்குப் போகும்போது, நீங்கள் எட்டிக்கூடப் பார்க்காத டிஹெச் இல்லாத லைன்அப் இறங்கும். வழக்கமான டிஹெச் ஃபர்ஸ்ட் பேஸுக்கு வருவார், ஃபர்ஸ்ட் பேஸ்மேன் லெஃப்ட் ஃபீல்டுக்குத் துரத்தப்படுவார், அங்கிருந்தவர் பெஞ்சுக்குப் போவார். பார்க்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் காலியாக விட்ட பக்கத்தைக் கம்ப்யூட்டர் நிரப்பியதுதான் நடந்தது.

கை விஷயத்தில் இன்னொரு கண்ணி. இடக்கை பேட்டர்களுக்கு இடக்கை பிட்சரை அடிப்பது பொதுவாகக் கஷ்டம், அதனால்தான் இரண்டு கைக்கும் தனித்தனி லைன்அப். லைன்அப்பைத் தேர்வு செய்வது எதிரணியின் ஸ்டார்ட்டரை வைத்துத்தான், அன்றைக்கு அதிக இன்னிங்ஸ் வீசப்போகிறவரை வைத்து அல்ல. எதிரணி ஒரு இடக்கைக்காரரை முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் ஓப்பனராக இறக்கினால், உங்கள் இடக்கை பேட்டர்கள் பெஞ்சில் இருக்க, மீதி எட்டு இன்னிங்ஸும் வலக்கைக்காரர் வீசுவார். நிஜ மேனேஜர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். 1924 வேர்ல்ட் சீரீஸின் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரின்) ஏழாவது ஆட்டத்தில் வாஷிங்டன் மேனேஜர் பக்கி ஹாரிஸ், வலக்கை கர்லி ஆக்டனை ஸ்டார்ட்டராக அறிவித்து, இரண்டே பேட்டர்களுக்குப் பிறகு இடக்கை ஜார்ஜ் மோக்ரிட்ஜைக் கொண்டுவந்தார். எதிரணி ஜயன்ட்ஸின் இடக்கை பேட்டர் பில் டெர்ரியை ஆட்டத்திலிருந்து கழற்றுவதுதான் நோக்கம். 2018 நேஷனல் லீக் சாம்பியன்ஷிப்பின் ஐந்தாவது ஆட்டத்தில் மில்வாக்கி இதே வித்தையைத் தலைகீழாகச் செய்தது: இடக்கை வேட் மைலி ஒரே ஒரு பேட்டருக்கு வீசிவிட்டு வெளியேற, வலக்கை பிராண்டன் வுட்ரஃப் வந்தார். ஆகவே உங்கள் பிரிவில் ஓப்பனர் பயன்படுத்தும் அணி இருந்தால், அவர்களோடு மோதும் தொடரில் மட்டும் இடக்கை பிட்சருக்கு எதிரான லைன்அப்பில் உங்கள் சிறந்த இடக்கை பேட்டர் இருவரை விட்டுவையுங்கள்.

டெப்த் சார்ட்டில்தான் பெரும்பாலான குற்றவாளிகள்

பத்துப் புகாரில் பாதிக்கு மேல் இங்கேதான் முடியும் என்பது எங்கள் கணிப்பு. ஒவ்வொரு பொசிஷனுக்கும் மாற்று ஆட்களை வரிசைப்படுத்தி, எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை அவர் ஆரம்பத்திலிருந்தே இறங்க வேண்டும், அல்லது அந்த இடத்தில் வழக்கமாக ஆடுபவர் களைத்தால் மட்டும் போதுமா என்று சொல்லும் இடம் இது.

பல இடத்தில் ஆடக்கூடிய ஒரு யுடிலிட்டி வீரரை எடுத்துக்கொள்வோம். செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப், தேர்ட் பேஸ் மூன்றிலும் அவர்தான் முதல் மாற்று. மூன்றிலும் 'ஐந்து ஆட்டத்துக்கு ஒருமுறை' என்று வைத்திருக்கிறீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். கூட்டிப் பாருங்கள்: சீசனின் 162 ஆட்டத்தை ஐந்தால் வகுத்தால் ஒரு பொசிஷனுக்கு ஏறக்குறைய 32 ஆட்டம். மூன்று பொசிஷனுக்கு 97. அந்த நாட்கள் ஒன்றோடொன்று மோதாமல் விழுந்தால், .230 அடிக்கும் பெஞ்ச் ஆள் சீசனில் பாதிக்கு மேல் ஆரம்பத்திலிருந்தே ஆடியிருப்பார். 'என் ஷார்ட்ஸ்டாப்பை ஏன் உட்கார வைக்கிறாய்' என்று கம்ப்யூட்டரிடம் கோபப்படுவதில் அர்த்தமில்லை, உத்தரவு போட்டதே நாம்தான்.

இதைச் சரிசெய்ய, கேட்சரைத் தவிர எல்லா இடத்திலும் 'களைத்தால் மட்டும்' என்று மாற்றுங்கள். கேட்சருக்கு மட்டும் ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கு இருக்கட்டும். அந்த இடம் ஆளை வேகமாகத் தின்றுவிடும், ஓய்வு கொடுக்காவிட்டால் ஆகஸ்டில் அவரே உங்கள் பிரச்சினை ஆவார். 35 வயதைத் தாண்டிய அவுட்ஃபீல்டர் இருந்தால் அவருக்கும் பத்துக்கு ஒன்று போன்ற தளர்வான கணக்கு நல்லது.

ஒரே ஆள் மூன்று இடத்தில் முதல் மாற்றாக இருப்பதில் இன்னொரு கெடுதல் உண்டு. அவர் செகண்ட் பேஸில் இறங்கிய அன்று ஷார்ட்ஸ்டாப்பும் களைத்திருந்தால், பட்டியலில் அடுத்தவர் யாரோ அவர் வருவார். அடுத்தவர் இல்லையென்றால் கம்ப்யூட்டர் பெஞ்சிலிருந்து யாரையாவது பிடித்து நிறுத்தும். ஷார்ட்ஸ்டாப்பில் திடீரென்று ஒரு லெஃப்ட் ஃபீல்டர் நிற்பது இப்படித்தான். நடுக்கள இடங்களான ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டு, கேட்சர் மூன்றுக்கும் இரண்டாவது மாற்றையும் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது கேட்சர் டிஹெச் ஆக இறங்குகிறாரா என்றும் பாருங்கள். முதல் கேட்சர் காயப்பட்டால் டிஹெச் கேட்சராகப் போக வேண்டும்; போன நொடியே டிஹெச் பறிபோய், பிட்சர் பேட் செய்ய வேண்டிவரும். வெளியேறிய வீரர் திரும்ப வர முடியாத ஆட்டம் இது. மூன்றாவது ஆள் ஒருவருக்காவது கேட்சர் பொசிஷனில் கொஞ்சம் பழக்கம் இல்லாவிட்டால், இரண்டு கேட்சரையும் ஒரே லைன்அப்பில் விடாதீர்கள்.

புள்ளிவிவரத்துக்கு எவ்வளவு எடை?

ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் விநோதம் தலைகாட்டினால் சந்தேகப்பட வேண்டியது வேறு. லீக் அமைப்பில் 'பிளேயர் இவால்யுவேஷன்' என்ற பகுதியில் நான்கு எண்கள் இருக்கும்: ரேட்டிங்குக்கு (வீரரின் திறமை மதிப்பெண்ணுக்கு) எவ்வளவு எடை, இந்த ஆண்டுப் புள்ளிவிவரத்துக்கு எவ்வளவு, போன ஆண்டுக்கு எவ்வளவு, அதற்கு முந்தைய ஆண்டுக்கு எவ்வளவு. இந்த ஆண்டின் எடை கூடினால் கம்ப்யூட்டர் அப்போதைக்கு நன்றாக அடிப்பவர் பின்னால் ஓடும்.

சீசனின் முதல் பத்து நாளில் 30 அட்-பேட்டில் 9 ஹிட் அடித்தவர் .300. மூன்று பந்து இன்ஃபீல்டர்களுக்கு நடுவே நழுவியிருந்தால் .400. மூன்று நேராகக் கையில் போயிருந்தால் .200. ஆள் ஒருவர்தான், திறமையும் ஒன்றுதான். முந்தைய ஆண்டுகளின் எடையை ஏற்றுவதைவிட, இந்த ஆண்டின் எடையைக் குறைத்து அதை ரேட்டிங்குக்குக் கொடுப்பது நல்லது. அடியோடு பூஜ்ஜியமாக்க வேண்டாம். ஸ்கவுட்டிங் (ஸ்கவுட்டுகள் வீரர்களின் திறமையை மதிப்பிடுவது) இயங்கும் லீகில் ரேட்டிங்கே ஒரு ஊகம்தான். புள்ளிவிவரம் கொஞ்சமாவது உள்ளே வந்தால்தான் தவறான ஸ்கவுட் அறிக்கை திருத்தப்படும். இந்த அமைப்பு லீகிலுள்ள எல்லா அணிகளையும் பாதிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். பிறரோடு சேர்ந்து ஆடும் லீகில் அதை நடத்தும் கமிஷனரைக் கேட்காமல் தொடக்கூடாது.

திறமையைக் காட்டும் நட்சத்திரக் குறிகளை நம்பி ஏமாறுவதும் இங்கேதான். மூன்று நட்சத்திர ஷார்ட்ஸ்டாப்பும் மூன்று நட்சத்திர ஃபர்ஸ்ட் பேஸ்மேனும் ஒரே அளவு அடிக்கமாட்டார்கள். அதனால் டிஹெச் இடத்துக்கு நட்சத்திரத்தைப் பார்க்காமல், அந்தக் கை பிட்சருக்கு எதிரான கான்டாக்ட் (பந்தில் பேட் படுவது), பவர் (அடியின் பலம்), ஐ (பந்தைக் கணிக்கும் கண்) ரேட்டிங்குகளைப் பாருங்கள். கம்ப்யூட்டர் செய்தது சரி என்று பாதி நேரம் அப்போதுதான் தெரியும்.

பேட்டிங் ஆர்டருக்கு எவ்வளவு மெனக்கெடலாம்

ஆன்-பேஸ் (பேஸில் ஏறும் விகிதம்) .390 உள்ளவர் எட்டாவது, .290 உள்ளவர் இரண்டாவது. எரிச்சலூட்டும் காட்சிதான், ஆனால் கணக்குப் போடுங்கள். ஆர்டரில் ஒரு படி இறங்கினால் சீசனுக்குச் சுமார் 18 பேட்டிங் வாய்ப்பு போகும், 162-ஐ ஒன்பதால் வகுத்தது. இரண்டுக்கும் எட்டுக்கும் ஆறு படி, 108 வாய்ப்பு. ஆன்-பேஸ் வித்தியாசம் .100 என்றால் ஆண்டு முழுதும் இழப்பு பேஸில் ஏறும் 11 தடவை. அந்த .290 ஆளை லைன்அப்பில் போட்டதே தப்பு என்றால் அது இதைவிடப் பல மடங்கு பெரிய தப்பு. முதலில் ஒன்பது பேர் சரியா என்று பாருங்கள், வரிசை பிறகு.

வரிசை தொடர்ந்து கெட்டால் மேனேஜரின் சுபாவத்தைத் திறந்து படியுங்கள். ஸ்மால் பால் (பெரிய அடியைவிட ஓட்டத்தையும் பண்ட்டையும் நம்பும் ஆட்டம்) பிரியர் காலில் வேகமுள்ளவரை மேலே ஏற்றுவார், அனுபவசாலிகளை விரும்புகிறவர் 36 வயதுக்காரரை நான்காவதில் வைப்பார். அவரை வைத்துக்கொண்டு லைன்அப்பை அவரிடமே ஒப்படைத்தால் புலம்ப உரிமையில்லை; ஆளை மாற்றுங்கள், அல்லது லைன்அப் பொறுப்பை உங்கள் பெயருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விநோதமாகத் தெரிவதெல்லாம் தப்பும் அல்ல. 1998-ல் டோனி லா ரூசா செயின்ட் லூயிஸில் வழக்கமாகக் கடைசியில் வரும் பிட்சரை எட்டாவதாக இறக்கினார், மார்க் மெக்வயருக்கு முன்னால் ஆட்கள் பேஸில் இருக்க வேண்டும் என்பதற்காக.

மைனர் லீகில்

மைனர் லீக் என்பது இளம் வீரர்கள் வளரும் கீழ்நிலை அணிகள். இங்கே கம்ப்யூட்டர் மேனேஜருக்கு இன்றைய ஆட்டம் ஜெயிக்க வேண்டும், உங்களுக்கு மூன்று வருடம் கழித்து ஒரு ஷார்ட்ஸ்டாப் வேண்டும். 19 வயது நம்பிக்கை நட்சத்திரத்தைவிட 28 வயதுக்காரர் இன்றைக்கு நன்றாக ஆடினால், பையன் பெஞ்சில்தான். ஆடாத பையன் வளர்வதும் குறையும். வீரருக்கான மெனுவில் ஃபோர்ஸ் ஸ்டார்ட் (கட்டாயம் களமிறக்கும் உத்தரவு) கொடுத்து பொசிஷனைக் குறிப்பிடலாம். ஆனால் அதைவிட மேல், அந்த 28 வயதுக்காரரை மேலே அனுப்பிவிடுவதோ விடுவிப்பதோ. ஒரே அணியில் இரண்டு ஷார்ட்ஸ்டாப் நம்பிக்கைகள் இருந்தால் ஒருவரை வேறு லெவலுக்கு மாற்றுங்கள், அல்லது செகண்ட் பேஸில் ஃபோர்ஸ் ஸ்டார்ட் கொடுங்கள். ஒரு அணியில் இப்படி மூன்று நான்கு பேருக்கு மேல் பூட்டிவிட்டால், அவர்களில் ஒருவர் காயப்படும்போது மீதிப் பேரை நகர்த்தக் கம்ப்யூட்டருக்கு இடமிருக்காது.

மேஜர் லீக் அணிக்கு வந்தால், காயப் பட்டியலிலிருந்து ஒருவர் திரும்பும் நாள்தான் அதிகம் சறுக்கும் நாள். அந்தப் பட்டியலில் பேட்டர்கள் குறைந்தது 10 நாள், பிட்சர்கள் 15 நாள் இருக்க வேண்டும். நீங்களே லைன்அப் போடும் அணியில் அவர் ரோஸ்டருக்கு (அணியின் வீரர் பட்டியலுக்கு) திரும்பினாலும், அவர் இடத்தில் மாற்று ஆளே தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கலாம். நான்கு லைன்அப்பிலும் பெயரைத் திரும்பப் போட்டு, டெப்த் சார்ட்டில் மாற்று ஆளைக் கீழே இறக்கிவிட்டு, பிறகே அடுத்த நாளுக்கு நகருங்கள். செப்டம்பரில் ரோஸ்டர் 26-லிருந்து 28 ஆகும்போதும் இதே சோதனையை ஒருமுறை செய்யுங்கள். புதிதாக ஏறிய இருவர் டெப்த் சார்ட்டில் எங்கே நுழைந்திருக்கிறார்கள் என்பதை அன்றே பார்த்துவிடுவது நல்லது.