பூசணம் பிடித்த இசைத்தட்டுக்கு அல்ட்ராசோனிக் குளியல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஈரக்காற்றில் பழைய எல்பி இசைத்தட்டுக்குப் பூசணம் பிடிக்காவிட்டால்தான் அதிசயம். 6 லிட்டர், 40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் தொட்டியில் (காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் அழுக்கை உதறுவது), பெட்ரோல் நிலையத்தில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில் வாட்டர்தான் ஊற்றுகிறேன். தண்ணீர் தட்டின் பள்ளத்துக்குள் பரவ, பிலிம் கழுவும் வெட்டிங் ஏஜென்ட் சில சொட்டு. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு பள்ளத்திலேயே தங்கிப் படபடக்கும்.

தட்டுகளுக்கிடையே 2.5 செ.மீ. விட்டு, லேபிள் நனையாமல், மோட்டாரில் மெதுவாக 15 நிமிடம் சுழலணும். ஹீட்டரைத் தொடவே வேண்டாம். அதிர்வே தண்ணீரைச் சூடாக்கும். 35 டிகிரியில் நிறுத்திவிடுவேன். சூட்டில் வளைந்த தட்டை நிமிர்த்துவது பெரும்பாடு.

கழுவிய பிறகும் ஊசி முனையில் சாம்பல் நிறப் பிசுக்கு சேர்ந்தது. காரணம், சரியாக அலசிப் போகாத திரவம். சுத்தமான டிஸ்டில் வாட்டரில் மறுபடி அலசியதும் சத்தம் அடங்கியது.

78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் கூடவே கூடாது, மேற்பரப்பு கரைந்துவிடும். காய்ந்ததைப் பழைய உறையில் திணிக்காதீர்கள். பூசணம் அங்கேதான் குடியிருக்கும்.