எந்தப் பக்கம் நின்று பேட் பிடிப்பது? கை, கால், கண் மூன்றையும் சோதித்து முடிவெடுக்கும் முறை

வலக்கையால் எழுதும் பிள்ளையிடம் கிரிக்கெட் பேட்டைக் கொடுத்ததும் வலக்கை ஆட்டக்காரராகவே நிறுத்திவிடுகிறோம். ஆனால் எழுதும் கையும் பேட்டிங் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கங்குலி, பென் ஸ்டோக்ஸ், வாஷிங்டன் சுந்தர் மூவரும் வலக்கையால் பந்து வீசுபவர்கள், பேட்டிங்கோ இடக்கை. சச்சின் எழுதுவது இடக்கையால், ஆடியது வலக்கை.

ஒரு டென்னிஸ் பந்தும் ஒரு பேட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கை

சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, 6 மீட்டர் தள்ளி நின்று ஒவ்வொரு கையாலும் 10 முறை எறியச் சொல்லுங்கள். எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். நம் வீடுகளில் இடக்கைப் பிள்ளையையும் சோத்துக்கைக்குப் பழக்கிவிடுவார்கள். எறிவது, சுத்தியல் பிடிப்பது, பாட்டில் மூடி திறப்பது ஆகியவை நம்பகமானவை.

படி 2: கால்

பந்தை உதைக்கச் சொல்லுங்கள். பிறகு ஓடி வந்து நீளம் தாண்டச் சொல்லுங்கள். வலக்காலால் உதைக்கும் பலர் இடக்காலை ஊன்றித்தான் தாண்டுவார்கள். இதில் முரண்பாடு இல்லை: ஒரு கால் வேலை செய்யும், மற்றது உடலைத் தாங்கும். உதைக்கும் காலைக் குறித்துக்கொண்டால் போதும்.

படி 3: கண்

இரு கைகளையும் முழுதாக நீட்டி, உள்ளங்கைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து, பெருவிரல்களுக்கு நடுவே ரூபாய் நாணயம் அளவு ஓட்டை விடுங்கள். 3 மீட்டர் தொலைவில் நேர் எதிரே இருக்கும் சுவிட்சை, இரு கண்ணும் திறந்தபடி அந்த ஓட்டை வழியே பாருங்கள். இப்போது கையை அசைக்காமல் இடக்கண்ணை மூடுங்கள். சுவிட்ச் தெரிந்தால் ஆதிக்கக் கண் (குறி பார்க்க மூளை முதலில் நம்பும் கண்) வலது, மறைந்தால் இடது. ஒரே கையின் கட்டைவிரலை நீட்டிப் பார்த்தால் முடிவு அந்தக் கையின் பக்கம் சாயக்கூடும், அதனால் இரு கையும் வேண்டும். கண்ணாடி போடுபவர் கழற்றக் கூடாது. 3 முறை செய்து, பெரும்பான்மையை எடுங்கள்.

படி 4: இரு பக்கமும் ஆடிப் பார்ப்பது

முடிவு இங்கேதான் தெரியும். 8 மீட்டரிலிருந்து அண்டர்ஆர்மாக, ஒரு குத்து விழும்படி பக்கத்துக்கு 20 பந்து போடுங்கள். வலக்கை ஆட்டத்தில் இடக்கை மேலே இருக்கும். பக்கம் மாறும்போது பிடியும் மாற வேண்டும். பலர் காலை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பிடியிலேயே நிற்பார்கள், கை பின்னிக்கொள்ளும்.

எவ்வளவு தூரம் போகிறது என்று எண்ணாதீர்கள். பேட்டின் நடுவில் பட்டு, போட்டவரை நோக்கி நேராகத் திரும்பியவற்றை மட்டும் எண்ணுங்கள். பலமான கை கீழே இருந்தால் லெக் பக்கம் (ஆடுபவரின் முதுகுப் பக்கம்) இழுத்து அடிப்பது சுலபம்; பார்க்க அபாரமாகத் தெரியும், ஆனால் நேரே வரும் பந்தை பேட் குறுக்கே கடந்துவிடும். முதல் நாள் பழகிய பக்கமே ஜெயிக்கும். எனவே இடைவெளி விட்டு நான்கு நாட்கள் செய்து கூட்டுங்கள்.

2016இல் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் டேவிட் மான் குழு வெளியிட்ட ஆய்வு இதை ஒட்டியே வருகிறது. பலமான கையை மேலே வைத்து ஆடுவது, அதாவது வலக்கைக்காரர் இடக்கை ஆட்டக்காரராகவும் இடக்கைக்காரர் வலக்கை ஆட்டக்காரராகவும் நிற்பது, பயிற்சியில்லாதவர்களைவிடத் தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் சுமார் 7 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. பேட்டின் முகத்தையும் திசையையும் பெரும்பாலும் மேல் கையே நடத்துகிறது என்பது ஒரு விளக்கம். இதற்காக, பல வருடம் ஒரு பக்கம் ஓட்டம் குவித்தவரை மாற்றாதீர்கள். புதிதாக ஆரம்பிப்பவருக்குத்தான் இந்த வாய்ப்பு.

அதே ஆய்வில், ஆதிக்கக் கண் எது என்பதற்குப் பெரிய பங்கு தெரியவில்லை. ஆகவே கண்ணுக்காகப் பக்கம் மாற வேண்டாம். ஆதிக்கக் கண் பின்பக்கம் இருந்தால், முன்காலைச் சற்றே திறந்து வைத்து, இரு கண்ணும் ஒரே மட்டத்தில் பந்து வீசுபவரைப் பார்க்கும்படி முகத்தை முழுதாகத் திருப்பினால் போதும். துப்பாக்கி சுடுதலில் கதை வேறு: புதிதாகக் கற்பவர் ஆதிக்கக் கண் இருக்கும் பக்கத் தோளிலேயே துப்பாக்கியை வைப்பது நல்லது. இல்லையென்றால் ஒரு கண்ணை மறைத்துச் சுட வேண்டியிருக்கும்.