டிஸ்க் 100 சதவீதமா? வவுனியாவுக்கு பஸ் ஏறமுன் பாருங்கள்

வின்டோஸ் கொம்பியூட்டர் இழுபடுகிறது, 'டிஸ்க்' 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து அதைத் திருத்த வவுனியாவுக்குக் கொண்டுபோவதென்றால் ஒரு நாள் மினக்கேடு. அதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை உண்டு.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எந்தப் புரோகிராம் என்ன செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'டிஸ்க்' என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்னும் புரோகிராம் மேலே வரும். அடுத்து 'பெர்போமன்ஸ்' பக்கத்தில் டிஸ்க்கைத் தட்டி 'அவரேஜ் ரெஸ்பொன்ஸ் டைம்' பாருங்கள்; கேட்டதற்குப் பதில் தர டிஸ்க் எடுக்கும் நேரம் அது. 100 சதவீதம் என்றால் டிஸ்க் ஓயவில்லை என்பது மட்டுமே. எவ்வளவு வேலை முடிந்தது என்று அது சொல்லாது. செக்கனுக்கு ஓரிரு எம்பி கூட நகராமல் அந்த ரெஸ்பொன்ஸ் டைம் அடிக்கடி 1000 மில்லிசெக்கனைத் தாண்டினால் டிஸ்க் பழுதாகிறதோ என்று சந்தேகியுங்கள். வேறெதையும் தொடமுன் படங்களையும் ஆவணங்களையும் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். டெஸ்க்டொப் என்றால் டிஸ்க்கை மதர்போர்ட்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் இழுபடும்; கழற்றி இறுக்கிப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் மஞ்சள், சிவப்பு காட்டினால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். டிஸ்க்கில் பிழை தேடும் வின்டோஸின் 'டிஸ்க் செக்' ஓடவிடுவதும் ஆவணங்களை எடுத்த பிறகுதான். அது மணிக்கணக்கில் ஓடலாம். இடையில் கரண்ட் போகக்கூடாது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் தொடங்காதீர்கள்.

ரெஸ்பொன்ஸ் டைம் ஒழுங்காக இருந்தால் காரணம் பெரும்பாலும் மென்பொருள். கிழமைக்கு ஒருநாள் போடும் கொம்பியூட்டரில் வின்டோஸ் அப்டேட், வைரஸ் ஸ்கேன், இன்டெக்ஸிங் (தேடுவதற்காக ஃபைல்களைப் பட்டியலிடுவது) எல்லாம் போட்டவுடனே ஒன்றாகத் தொடங்கும். ஓரிரு மணித்தியாலம் விட்டால் தானே அடங்கும். டொங்கிள் டேட்டா கரைகிறதென்றால் வைஃபை புரொப்பர்ட்டீஸில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' போடுங்கள். பெரும்பாலான அப்டேட்கள் தாமாக இறங்கா. நல்ல இணைப்புக் கிடைக்கும்போது 'மீட்டர்ட் கனெக்ஷனை' நிறுத்திவிட மறக்கவேண்டாம்.

'சேர்விசஸ்' திறந்து அடிக்கடி பாவிக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே றாமில் ஏற்றிவைக்கும் 'சிஸ்மெயின்' நிறுத்துவது பழைய ஹார்ட் டிஸ்க்கில் சிலவேளை உதவும். 'வின்டோஸ் சேர்ச்' நிறுத்தினால் ஃபைல் தேடுவது ஆமை வேகமாகும். நாங்கள் அதைத் தொடுவதில்லை. இரண்டு அன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள்.

4 ஜிபி றாம் (ஓடும் புரோகிராம்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) எப்போதும் நிரம்பி வழிந்தால் வின்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எடுக்கும். அப்போது குறை டிஸ்க்கில் இல்லை. 8 ஜிபி ஆக்குங்கள். முடியாவிட்டால் 'ஸ்டார்ட்அப்' பட்டியலில் வேண்டாதவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள்.

செலவழிக்க முடிந்தால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் ஹெட் நகர்ந்து தேட வேண்டும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. 2.5 அங்குல டிஸ்க் இருக்கும் லப்டொப்பில் அதே இடத்தில் பொருந்தும். வாங்கமுன் உங்கள் டிஸ்க்கில் எத்தனை ஜிபி நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். 200ஐத் தாண்டினால் 480 வாங்குவதுதான் சரி.